சோல்சீக்கில் கிடைக்கும் எம்பி3 விபிஆர்தானா? கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டு டவுன்லோட் தளங்களில் "128", "320" என்று இரண்டே பொத்தான்களைப் பார்த்துப் பழகியவர்களை, பயனர்கள் தங்களுக்குள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் நெட்வொர்க்கான சோல்சீக்கின் தேடல் பட்டியல் முதலில் குழப்பத்தான் செய்யும். இந்த எண்கள் பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் பாட்டுக்குச் செலவாகும் கிலோபிட் (கேபிபிஎஸ்). ஒரே பாட்டு ஒருவரிடம் 320, இன்னொருவரிடம் 245, மூன்றாமவரிடம் 128. நாலாமவரிடம் அந்தக் கட்டமே காலி. சில எண்களுக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் விபிஆர் என்று இருக்கும், பாட்டின் போக்கில் பிட்ரேட் மாறுகிறது என்று பொருள். பெரிய எண்ணாகப் பார்த்து எடுத்துவிட்டால் போயிற்று என்று 320-ஐ இறக்குபவர்கள்தான் அதிகம். நல்ல சிடியிலிருந்து நேரடியாக எடுத்த 245 விபிஆரை விட்டுவிட்டு, 128-இலிருந்து ஊதிப் பெருக்கிய 320-ஐ அள்ளிக்கொண்டு வருவது இப்படித்தான் நடக்கிறது.

பட்டியலில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம், இறக்குவதற்கு முன்பே எதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஃபைல் கைக்கு வந்த பிறகு எப்படி உறுதி செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம். நான் நிகோடின் பிளஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். சோல்சீக்கின் சொந்த மென்பொருளிலும் இதே தகவல்தான் வரும், கட்டங்களின் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

எம்பி3 என்பது தொடர்ச்சியான ஒரே ஓடை இல்லை. ஃப்ரேம் எனப்படும் சிறு துண்டுகளின் வரிசை. 44,100 ஹெர்ட்ஸில் பதிவான பாட்டில் ஒரு ஃப்ரேமுக்கு 1152 சாம்பிள், அதாவது சுமார் 26 மில்லிநொடி. நாலு நிமிடப் பாட்டில் இப்படி ஏறக்குறைய 9,188 ஃப்ரேம்கள் இருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் தன் தலையில் 4 பைட் ஹெடரைச் சுமந்து வருகிறது. "என் பிட்ரேட் இது" என்று அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளும்.

எல்லா ஃப்ரேமும் ஒரே எண்ணைச் சொன்னால் அது சிபிஆர். அமைதியான இடத்தில் 64, தவில் இறங்கும் இடத்தில் 320 என்று தேவைக்கேற்ப மாறினால் விபிஆர். ஒரு சராசரியைக் குறிவைத்து, அதைச் சுற்றி மட்டும் ஏறி இறங்கினால் ஏபிஆர். பகிர்வு மென்பொருள்கள் ஏபிஆரைத் தனியாகக் காட்டுவதில்லை, அதையும் விபிஆர் கணக்கிலேயே சேர்த்துவிடும்.

ஒரு ஃப்ரேம் இஷ்டத்துக்கு எந்த எண்ணையும் சொல்ல முடியாது. நாம் சாதாரணமாகக் கேட்கும் எம்பி3 வகைக்கு 32, 40, 48, 56, 64, 80, 96, 112, 128, 160, 192, 224, 256, 320 ஆகிய 14 எண்களுக்குத்தான் அனுமதி. பட்டியலில் 245, 187, 213 போன்ற எண்ணைக் கண்டால் அது எந்தத் தனி ஃப்ரேமின் பிட்ரேட்டும் இல்லை, சராசரி. கண்ணால் பார்த்தே விபிஆரை மோப்பம் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சராசரியை யார் கணக்கிடுவது? 9,188 ஃப்ரேமையும் எண்ணிக்கொண்டிருக்கப் பெரும்பாலான மென்பொருள்களுக்குப் பொறுமை இல்லை. அதனால் விபிஆர் ஃபைலின் முதல் ஃப்ரேமில் பாட்டுக்குப் பதிலாக ஒரு குறிப்பை எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. மொத்தம் எத்தனை ஃப்ரேம், எத்தனை பைட், பாட்டின் எந்தப் பகுதி ஃபைலில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். சிங் டெக்னாலஜி என்ற நிறுவனம் தொடங்கிவைத்ததால் அதற்கு சிங் ஹெடர் என்றே பெயர். ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தின் என்கோடர்கள் (பாட்டை எம்பி3 ஆக்கும் மென்பொருள்கள்) இதையே வேறு வடிவில் விபிஆர்ஐ என்ற பெயரில் எழுதும். இந்தக் குறிப்பு இருக்கிறதா, அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்தான் படித்ததா என்பதில்தான் மீதிக் குழப்பமெல்லாம் கிடக்கிறது.

படி 1: எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சோல்சீக் சர்வரில் பாட்டு எதுவும் இல்லை. பாட்டைப் பற்றிய தகவலும் இல்லை. நீங்கள் தேடும் சொல் மற்ற பயனர்களின் கணினிகளுக்குப் போகிறது. யாரிடம் இருக்கிறதோ அவருடைய மென்பொருள் உங்களுக்குப் பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர், அளவு, கூடவே எண்ணிட்ட சில பண்புகள் வரும். 0 என்றால் பிட்ரேட், 1 என்றால் நொடிகளில் நீளம், 2 என்றால் விபிஆரா இல்லையா, 4 சாம்பிள் ரேட், 5 பிட் டெப்த்.

இவற்றில் பெயர், அளவு தவிர மற்ற எல்லாம் எதிர்முனை மென்பொருள் தன் பங்கு ஃபோல்டரை ஸ்கேன் செய்தபோது ஃபைலைப் படித்துக் குறித்துவைத்தவை. அந்த மென்பொருள் பத்து வருஷப் பழசாக இருக்கலாம். சிங் ஹெடரைச் சரியாகப் படிக்கத் தெரியாததாக இருக்கலாம். பண்பு 2-ஐ அனுப்பாமலே விட்டிருக்கலாம். ஆகவே விபிஆர் என்ற குறி இருந்தால் அநேகமாக அது விபிஆர்தான். ஆனால் குறி இல்லை என்பதால் சிபிஆர் என்று முடிவுகட்டக் கூடாது.

படி 2: பட்டியலை வடிகட்டுங்கள்

நிகோடின் பிளஸில் தேடிய பிறகு முடிவுகளுக்கு மேலே உள்ள ஃபில்டர் பட்டையைத் திறந்தால் பிட்ரேட், அளவு, நீளம், ஃபைல் வகை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஃபைல் வகையில் எம்பி3 என்று கொடுங்கள். பிட்ரேட் கட்டத்தில் >=190 என்று போட்டால் 190-க்குக் கீழே உள்ளவை மறைந்துவிடும்.

190 ஏன்? எம்பி3 உருவாக்கும் லேம் என்கோடரின் விபிஆர் தர அமைப்புகளில் வி2 சராசரியாக 190 அருகில் வரும், வி0 சுமார் 245. இசைக்குத் தகுந்தபடி இவை நன்றாகவே ஆடும். ஒற்றை வீணை மட்டும் வாசிக்கும் பதிவு வி0-விலும் 200-க்குக் கீழே இறங்கலாம், காது கிழியும் மெட்டல் பாட்டு 280-ஐத் தொடலாம். அதனால் ஃபில்டரில் >=320 போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்ல விபிஆர் ஒன்றுகூடக் கண்ணில் படாது. இப்படி ஒற்றை வாத்தியப் பதிவுகளைத் தேடும்போது 190-ஐயும் இன்னும் கீழே இறக்கிவையுங்கள்.

பிரவுசரில் இயங்கும் எஸ்எல்எஸ்கேடி போன்ற மென்பொருள்களில் இன்னொரு வசதி உண்டு. முடிவுகளை வடிகட்டும் கட்டத்தில் "இஸ்விபிஆர்" என்பதை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் தட்டினால் விபிஆர் குறி உள்ளவை மட்டும் நிற்கும். "இஸ்சிபிஆர்" என்றால் சிபிஆர் என்று குறித்தவை மட்டும். இதுவும் எதிர்முனை சொன்ன பண்பு 2-ஐ நம்பித்தான் வேலை செய்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வடிகட்டிய பிறகு தனிப்பாட்டை விட்டுவிட்டு ஃபோல்டரைப் பாருங்கள். ஒரு ஆல்பத்தின் பத்துப் பாட்டும் 320, 320, 320 என்று நின்றால் சிபிஆர். 238, 251, 229, 262 என்று ஓடினால் ஒரே அமைப்பில் எடுத்த விபிஆர். ஏழு பாட்டு 192, இரண்டு 320, ஒன்று 128 என்று கலவையாக இருந்தால் பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. அந்த ஃபோல்டரைத் தாண்டிப் போய்விடுவேன்.

படி 3: அளவை நீளத்தால் வகுத்துப் பாருங்கள்

டவுன்லோட் செய்யாமலே போடக்கூடிய கணக்கு இது. பைட்டை 8-ஆல் பெருக்கி, நொடியால் வகுத்தால் சராசரி பிட்ரேட். நடைமுறையில் ஒரு சிக்கல் என்னவென்றால் பல மென்பொருள்கள் மெகாபைட்டை 1024 × 1024 பைட் என்று எண்ணுகின்றன. அப்படி எண்ணும் மென்பொருளில், காட்டும் அளவை 8389-ஆல் பெருக்கி நொடியால் வகுங்கள், நேராக கேபிபிஎஸ் வந்துவிடும்.

4:00 நீளமுள்ள, அதாவது 240 நொடிப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவு 9.16 மெகாபைட் என்று இருந்தால் 9.16 × 8389 ÷ 240, சரியாக 320. அளவு 7.01 என்றால் 245. பட்டியலில் 320 என்று போட்டிருக்கிறது, அளவோ 7.01, நீளமோ 4:00 என்றால் மூன்றில் ஏதோ ஒன்று பொய். அளவு பொய் சொல்லாது. நீளத்தை வேறு இடத்தில் சரிபார்க்கலாம். ஆகவே பொய் பெரும்பாலும் பிட்ரேட்டில்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபைலுக்குள் ஆல்பம் அட்டைப்படம் ஒட்டியிருந்தால் அதன் எடையும் அளவில் சேரும். ஒரு மெகாபைட் படம் நாலு நிமிடப் பாட்டில் 35 கேபிபிஎஸ் வரை கூட்டிக் காட்டிவிடும். பட்டியலில் 245, கணக்கில் 280 என்று வந்தால் சந்தேகப்பட வேண்டாம், அது படமாக இருக்கும். கணக்கு பட்டியலைவிடக் குறைவாக வந்தால்தான் உண்மையான சந்தேகம்.

படி 4: கணக்கு சரியாக வந்தும் தப்பாக இருக்கும் இடம்

இந்தப் படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

சிங் ஹெடரைப் படிக்கத் தெரியாத மென்பொருள் என்ன செய்யும்? முதல் ஃப்ரேமின் பிட்ரேட்டை மட்டும் பார்க்கும். லேம் அந்தக் குறிப்பு ஃப்ரேமை எழுதும்போது வழக்கமாக 128 என்ற பிட்ரேட்டில்தான் எழுதும். உள்ளே இருக்கும் பாட்டு வி0-வாக இருந்தாலும் முதல் ஃப்ரேம் சொல்வது 128. உடனே அந்த மென்பொருள் மொத்த ஃபைலையும் 128 என்று முத்திரை குத்திவிடும்.

அதோடு நிற்காது. நீளத்தையும் அந்த 128-ஐ வைத்தே கணக்கிடும். நம்முடைய நாலு நிமிடப் பாட்டின் அளவு 73,50,000 பைட். அதை 8-ஆல் பெருக்கி 1,28,000-ஆல் வகுத்தால் 459 நொடி, அதாவது 7:39. இப்போது பட்டியலில் 128, 7:39, 7.01 என்று வரும். படி 3-இன் கணக்கை இதில் போட்டால் விடை அப்பழுக்கில்லாமல் 128. தப்பான பிட்ரேட்டிலிருந்து பிறந்த நீளம் அதே தப்பைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

சிங் ஹெடரே இல்லாத விபிஆர் என்றால் இன்னும் மோசம். பாட்டு ஒரு நொடி அமைதியோடு தொடங்கினால் முதல் ஃப்ரேம் 32 ஆக இருக்கலாம். அப்போது அதே பாட்டு 32 கேபிபிஎஸ், 30 நிமிடம் 37 நொடி என்று பட்டியலில் நிற்கும்.

இதை உடைக்க ஒரே வழி, பாட்டின் உண்மையான நீளத்தை வெளியிலிருந்து கொண்டுவருவது. அதே தேடலில் மற்ற பயனர்கள் வரிசையைப் பாருங்கள். பத்துப் பேரிடம் 4:00, ஒருவரிடம் மட்டும் 7:39, ஆனால் அளவு 7.01 என்றால் அந்த ஒருவரிடம் இருப்பது 245 விபிஆர் என்று தைரியமாகச் சொல்லலாம். மற்றவர்கள் வரிசை கிடைக்கவில்லை என்றால் மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் பெரும்பாலான ஆல்பங்களுக்கு ஒவ்வொரு பாட்டின் நீளமும் இருக்கிறது. அந்த நீளத்தை வைத்துப் படி 3-ஐத் திரும்பப் போடுங்கள்.

128 என்று கிடப்பதால் யாரும் சீண்டாமல் விடும் இத்தகைய வரிசைகளில்தான், க்யூவில் காத்திருக்காமல் உடனே கிடைக்கும் நல்ல விபிஆர்கள் ஒளிந்திருக்கும்.

படி 5: கொஞ்சம் இறக்கி மீடியாஇன்ஃபோவில் திறங்கள்

முழு ஃபைலும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நமக்கு வேண்டிய குறிப்பு ஃபைலின் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. டவுன்லோட் தொடங்கி ஓரிரு மெகாபைட் வந்ததும் நிறுத்தி வையுங்கள். நிகோடின் பிளஸ் பாதி வந்த ஃபைல்களைத் தனி ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் "இன்கம்ப்ளீட்" என்று பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கும். அதை ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலில் எம்பி3 என்ற நீட்டிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறங்கள். அட்டைப்படம் பெரிதாக இருந்தால் குறிப்பு அதற்குப் பின்னால் தள்ளிப் போயிருக்கும், அப்போது இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.

மீடியாஇன்ஃபோவில் ஆடியோ பகுதியில் பிட்ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் அல்லது கான்ஸ்டன்ட் என்று இருக்கும். கீழே என்கோடரின் பெயர், லேம் 3.100 என்பது போல. அதற்கும் கீழே என்கோடிங் செட்டிங்ஸ்.

இந்தக் கடைசி வரியில் ஒரு பொறி உண்டு. சாதாரண 320 சிபிஆர் ஃபைலிலும் அந்த வரியில் வி 4 என்று வருவதைப் பார்க்கலாம். உடனே "இது வி4, ஏமாற்று" என்று பயனரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெடரில் தரத்தைக் குறிக்கும் ஒரு எண் இருக்கிறது, மீடியாஇன்ஃபோ அதைப் பிரித்து வி, க்யூ என்று காட்டுகிறது. சிபிஆர் ஃபைலில் அந்த வி-க்கு எந்த அர்த்தமும் இல்லை. மோட் வரி கான்ஸ்டன்ட் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஹெக்ஸ் எடிட்டரில் நேரில் பார்ப்பது

ஃபைலின் பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டுவது ஹெக்ஸ் எடிட்டர். எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் ஒருமுறை செய்து பார்த்தால் பிறகு எந்த மென்பொருள் எதைச் சொன்னாலும் உங்களை ஏமாற்ற முடியாது. விண்டோஸில் ஹெச்எக்ஸ்டி போன்ற இலவச எடிட்டர் போதும்.

ஃபைலைத் திறந்ததும் வலப்பக்க எழுத்துப் பகுதியில் ஐடி3 என்ற மூன்று எழுத்து தெரிந்தால் அது பாட்டின் பெயர், படம் முதலியவற்றின் பெட்டி. அதைத் தாண்ட வேண்டும். முதல் 10 பைட்டில் கடைசி நான்குதான் பெட்டியின் அளவு, ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட் மட்டுமே கணக்கு. 00 00 10 00 என்று இருந்தால் (ஹெக்ஸில் 10 என்பது 16) 16 × 128 = 2048. அதோடு தொடக்கப் பத்தையும் கூட்டினால் 2058-ஆவது இடத்தில் முதல் ஃப்ரேம்.

அங்கே எஃப்எஃப் எஃப்பி 90 64 என்பது போல நான்கு பைட் இருக்கும். எஃப்எஃப் என்பது ஃப்ரேம் தொடங்குகிறது என்ற அடையாளம். எஃப்பி என்பது இது எம்பெக் 1, மூன்றாம் லேயர், அதாவது எம்பி3 என்கிறது. நமக்கு வேண்டியது மூன்றாவது பைட்டின் முதல் இலக்கம். 9 என்றால் 128, ஏ என்றால் 160, பி 192, சி 224, டி 256, இ 320. கீழே போனால் 5 என்பது 64, 1 என்பது 32. அடுத்த ஃப்ரேம் எங்கே என்று தெரிய, பிட்ரேட்டை பிட்டுகளில் (128 என்றால் 1,28,000) எடுத்து 144-ஆல் பெருக்கி 44,100-ஆல் வகுங்கள். 128-க்கு 417 அல்லது 418 பைட், 320-க்கு 1044 அல்லது 1045. அத்தனை தூரம் தாண்டினால் மறுபடி எஃப்எஃப் எஃப்பி. அந்த மூன்றாவது பைட் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பி, டி, இ, சி என்று மாறுவதைக் கண்ணால் பார்ப்பதற்கு மேல் விபிஆருக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இப்போது குறிப்பு. ஸ்டீரியோ ஃபைலில் ஃப்ரேம் தொடக்கத்திலிருந்து 36 பைட் தள்ளி, மோனோவில் 21 பைட் தள்ளி, எழுத்துப் பகுதியில் நான்கு எழுத்துச் சொல் ஒன்று தெரியும். "சிங்" என்று ஆங்கிலத்தில் எக்ஸில் தொடங்கி இருந்தால் விபிஆர் அல்லது ஏபிஆர். "இன்ஃபோ" என்று இருந்தால் லேம் எழுதிய சிபிஆர். இரண்டும் ஒரே அமைப்புதான், சொல் மட்டும் வேறு. சில பழைய மென்பொருள்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் குறிப்பு இருந்தாலே விபிஆர் என்று சொல்லிவிடும். "320 விபிஆர்" என்ற விசித்திரமான வரிசை பட்டியலில் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஃப்ரான்ஹோஃபர் ஃபைல் என்றால் மோனோ, ஸ்டீரியோ பேதமின்றி 36-ஆவது இடத்தில் விபிஆர்ஐ என்ற நான்கு எழுத்து நிற்கும்.

சொல்லை அடுத்து 4 பைட் கொடிகள், அதாவது பின்னால் என்னென்ன தகவல் இருக்கிறது என்ற அடையாளங்கள். பிறகு 4 பைட்டில் மொத்த ஃப்ரேம், அடுத்த 4 பைட்டில் மொத்த பைட். நம் எடுத்துக்காட்டுப் பாட்டில் 00 00 23 இ4, 00 70 26 எஃப்0 என்று இருக்கும். கால்குலேட்டரை ஹெக்ஸ் முறைக்கு மாற்றிப் போட்டால் 9188 ஃப்ரேம், 73,50,000 பைட். 9188 × 1152 ÷ 44,100 = 240 நொடி. பாதி ஃபைல்தான் உங்களிடம் இருக்கிறது என்றாலும் முழுப் பாட்டின் நீளமும் உண்மைச் சராசரியும் இங்கேயே கிடைத்துவிட்டன. முழுதாக இறக்கிய ஃபைலின் அளவு இந்த 73,50,000-ஐவிடக் குறைவாக இருந்தால், பகிர்ந்தவரிடம் இருப்பதே வால் அறுந்த ஃபைல் என்றும் தெரிந்துவிடும்.

இன்னும் நூறு பைட்டுக்கு மேல் தள்ளிப் போனால் லேம் என்ற பெயரும் பதிப்பு எண்ணும் 9 பைட்டில் இருக்கும். அதற்கு அடுத்த பைட்டின் இரண்டாவது இலக்கம் 1 என்றால் சிபிஆர், 2 என்றால் ஏபிஆர், 3 முதல் 5 வரை விபிஆர். ஏபிஆரையும் விபிஆரையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்லும் இடம் இது. அதற்கும் அடுத்த பைட்டை 100-ஆல் பெருக்கினால் என்கோடர் எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டியது என்று வரும். பி9 என்றால் 185, அதாவது 18,500 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த படிகளில் இது உதவும்.

படி 7: குறிப்பே இல்லாத ஃபைல்

பெரிய ஃபைலை நடுவில் வெட்டியவை, ரேடியோ ஓடையிலிருந்து பிடித்தவை, டேக் மாற்றும் மென்பொருள் முதல் ஃப்ரேமைத் தூக்கி எறிந்தவை, இவற்றில் சிங் ஹெடர் இருக்காது. முதல் சில ஃப்ரேம் ஒரே மாதிரி இருந்தால் மீடியாஇன்ஃபோகூட கான்ஸ்டன்ட் என்று சொல்லக்கூடும்.

முழு ஃபைலையும் ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் ஓடவிட்டு அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பட்டையைப் பாருங்கள். பிட்ரேட் எண் துள்ளிக்கொண்டே இருந்தால் விபிஆர். விஎல்சியிலும் கோடெக் தகவல் ஜன்னலின் புள்ளிவிவரப் பகுதியில் இதைப் பார்க்கலாம், அவ்வளவு துல்லியமாக இருக்காது. இன்னும் விவரமாக வேண்டுமென்றால் என்க்ஸ்பாட் என்ற பழைய விண்டோஸ் மென்பொருள் எல்லா ஃப்ரேமையும் எண்ணி, 128-இல் எத்தனை சதவீதம், 192-இல் எத்தனை என்று பட்டை வரைபடமாகவே போட்டுவிடும். ஒற்றைப் பட்டை சிபிஆர். ஒரு எண்ணைச் சுற்றி மட்டும் குவிந்து நின்றால் ஏபிஆர். 32 முதல் 320 வரை பரவிக் கிடந்தால் விபிஆர்.

படி 8: எண் உண்மை, ஒலியும் உண்மைதானா?

இதுவரை பார்த்தது எல்லாம் பிட்ரேட்டைப் பற்றி. ஃபைலின் உள்ளே இருப்பது அதற்குத் தகுதியான ஒலிதானா என்பது தனிக் கேள்வி. 128-ஐ 320-ஆக மாற்றுவது சின்னப் பெட்டியில் இருந்த சாமானைப் பெரிய பெட்டிக்கு மாற்றுவது போலத்தான். பெட்டியின் எடை கூடும், சாமான் கூடாது. பெட்டியின் எடையை மட்டும் பார்க்கும் படி 3-உம் படி 5-உம் இதைக் கண்டுபிடிக்காது.

ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். குறுக்கே நேரம், நெடுக்கே அதிர்வெண் என்று ஒரு வண்ணப்படம் வரும். லேமின் 320 பொதுவாக 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும், வி2 சுமார் 18,500, 128 சிபிஆர் என்றால் 16,000 முதல் 17,000-க்குள். ஆகவே 320 என்று சொல்லும் ஃபைலில் 16,000-இல் சுவர் எழுப்பினாற்போல எல்லாம் நின்றுவிட்டால் அது மறுமாற்று என்பதற்கு வலுவான அறிகுறி. படி 6-இல் பார்த்த வெட்டு எண் 20,500 என்று சொல்கிறது, படமோ 16,000-இல் நிற்கிறது என்றால் சந்தேகத்துக்கே இடமில்லாத அளவுக்கு நெருங்கிவிட்டோம். யூடியூபிலிருந்து பிடித்து 320 ஆக்கியவை பலவும் இங்கேதான் மாட்டும். சாதாரணப் பார்வையாளருக்கு யூடியூப் கொடுப்பதே 128-ஐ ஒட்டிய ஏஏசி வடிவமும், அதிகபட்சம் 160-ஐ ஒட்டிய ஓபஸ் வடிவமும்தான்.

ஆனால் சுவர் வேறு, தேய்ந்து மறைவது வேறு. 1950, 60-களின் மோனோ திரைப்பாடல்களில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது. பதிவே அப்படித்தான். அந்தப் படத்தில் ஒலி மேலே போகப் போக மங்கிக் கரையும், கோடு கிழித்தது போல் நிற்காது. இதைப் புரியாமல் நல்ல ரிப்பைப் போலி என்று ஒதுக்குபவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் அதே ஆல்பத்தின் வேறு மூன்று பாட்டையும் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் அணுவும் பிசகாமல் ஒரே உயரத்தில் வெட்டு இருந்தால் அது என்கோடரின் வேலை.

சுத்தமான விபிஆர் எப்படி இருக்கும் என்று பழக வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் லைவ் மியூசிக் ஆர்க்கைவ் நல்ல இடம். பகிர அனுமதி கொடுத்த இசைக்குழுக்களின் கச்சேரிப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. பல பதிவுகளில் தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் மூல ஃபைலும், அதிலிருந்து ஆர்க்கைவே உருவாக்கிய எம்பி3-உம் அடுத்தடுத்து இருக்கும். டவுன்லோட் பட்டியலில் அதற்குப் பெயரே "விபிஆர் எம்பி3". மூலத்தையும் மாற்றியதையும் ஸ்பெக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் தானாகப் பழகிவிடும். சட்டச் சிக்கலும் கிடையாது.

எம்பி3 அல்லாதவை

ஃப்ளாக்குக்கு பிட்ரேட் பார்ப்பதே வீண். அது இயல்பிலேயே மாறிக்கொண்டிருக்கும், எண் பெரிதென்றால் பெரும்பாலும் இசை சத்தமானது என்றுதான் அர்த்தம். சோல்சீக் மென்பொருள்களும் அதற்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்பது போலவே காட்டுகின்றன. ஆக் வோர்பிஸ் தன் ஹெடரில் பெயரளவு பிட்ரேட் ஒன்றை எழுதிவைத்திருக்கும், பட்டியலில் சரியாக 192 அல்லது 160 என்று வருவது அதனால்தான், உள்ளே அது விபிஆர். ஓபஸ் ஹெடரில் பிட்ரேட்டே கிடையாது, படி 3-இன் வகுத்தல் ஒன்றுதான் வழி. எம்4ஏ ஏஏசியில் சராசரி, உச்சம் என இரண்டு எண் எழுத இடம் உண்டு, ஐட்யூன்ஸில் வாங்கிய 256-உம் உள்ளே ஏறி இறங்குவதுதான்.

மற்ற நெட்வொர்க்குகள்

ஈமியூலில் பிட்ரேட், நீளம், கோடெக் என்ற தகவல் வரும், விபிஆர் என்று தனிக்குறி கிடையாது. ஆகவே 14 எண்களில் இல்லாத எண்ணைத் தேடுங்கள், பிறகு படி 3. டிசி பிளஸ் பிளஸின் ஃபைல் பட்டியலில் பெயர், அளவு, ஹாஷ் மட்டும்தான். பிட்டோரண்டிலும் அப்படியே, டோரண்ட் ஃபைலுக்குள் ஒலியைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. அங்கே ஒரு பாட்டுக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்து இறக்கி, படி 5-இலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

உங்கள் பங்கு ஃபோல்டரையும் கவனியுங்கள்

நீங்கள் பகிரும் விபிஆர் மற்றவர் திரையில் 128 என்றோ அரைமணி நேரப் பாட்டு என்றோ தெரிந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். நிகோடின் பிளஸில் உங்கள் பயனர்பெயரையே திறந்து உங்கள் பங்கை வெளியாள் பார்ப்பது போலப் பாருங்கள். நீளம் தப்பாகத் தெரியும் ஃபைல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவற்றை ஃபூபார்2000-இல் தேர்வு செய்து ரைட் கிளிக், யூட்டிலிட்டீஸ், ஃபிக்ஸ் விபிஆர் எம்பி3 ஹெடர். எல்லா ஃப்ரேமையும் எண்ணி, காணாமல் போன குறிப்பை அது புதிதாக எழுதிவிடும். ஒலியில் கை வைக்காது, மறு என்கோடிங்கும் இல்லை. ஃபைலுக்குள் குப்பை பைட்டுகள் கலந்திருந்தால் அதே மெனுவில் ரீபில்ட் எம்பி3 ஸ்ட்ரீம் இருக்கிறது. எதற்கும் முதலில் ஒரு நகலில் செய்து, மீடியாஇன்ஃபோவில் மோட் வரி வேரியபிள் என்று மாறியதா, நீளம் சரியானதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். முடிந்ததும் நிகோடின் பிளஸில் பங்குகளை ரீஸ்கேன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய ஸ்கேனில் எடுத்த தப்பான எண்ணைத்தான் உங்கள் மென்பொருள் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும்.